மேலே நின்ற கை

நயினாருக்கு ஆட்களின் முகம் நினைவில் நிற்காது. பக்கத்துச் சந்தில் பத்து வருஷமாகக் குடியிருப்பவர் எதிரே வந்து சிரித்தாலும், யார் என்று தெரியாமல் முழிப்பார். ஆனால் கோல்ஃப் மைதானத்தில் இருநூறு கெஜத்துக்கு அப்பால் ஒருவர் முதுகைக் காட்டிக்கொண்டு ஸ்டிக்கை வீசினால் போதும். "அது வொர்லி சேட்டு. இடது முட்டியில ஆபரேஷன் பண்ணியிருக்காரு" என்று சொல்லிவிடுவார். கல்யாண வீடுகளில் சொந்தக்காரர்களைத் தெரியாமல் அவர் விழிக்கும்போது மனைவி விஜயராணிக்குக் கொண்டாட்டம். "எல்லாரும் ஆளுக்கொரு கம்பை எடுத்து வீசிக் காட்டுங்க, எங்க வீட்டுக்காரரு பேரோட சொல்லிருவாரு" என்பாள்.

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பதினாறு வயதில் பம்பாய்க்கு வந்தவர். செம்பூர் மைதானத்தில் ஆட்டக்காரர்களின் பையைச் சுமந்துகொண்டு பின்னால் நடப்பதுதான் முதல் வேலை. அந்த வேலைக்கு அங்கே கேடி என்று பெயர். 'நான் இங்கே நல்லபடியாகக் கேடியாக இருக்கிறேன்' என்று ஊருக்குக் கடிதம் போட, அவருடைய அப்பா மூன்று நாள் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. நாலாம் நாள் போஸ்ட்மாஸ்டர் விளக்கிச் சொன்ன பிறகுதான் வீட்டில் அடுப்பு எரிந்தது.

பை சுமந்தவர் எப்படி ஸ்டிக் செய்பவர் ஆனார் என்றால், உடைந்ததையெல்லாம் வீட்டுக்குத் தூக்கிவந்து பிரித்துப் பார்த்துத்தான். தாராவியில் கரீம் பாட்சாவின் பெல்ட் பட்டறையில் பாதி இடத்தை வாடகைக்கு எடுத்தார். ஒரு பக்கம் தோல் நாற்றம், மறுபக்கம் தின்னர் நாற்றம். அந்தச் சந்துக்குள் கார் வராது. ஆனாலும் காரை மெயின் ரோட்டில் நிறுத்திவிட்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு, சாக்கடையைத் தாண்டித் தாண்டிப் பெரிய மனிதர்கள் அவரைத் தேடி வந்தார்கள். அந்தக் காட்சியைப் பார்ப்பதற்கென்றே பாட்சா வாசலில் உட்கார்ந்து தைப்பார்.

வேலை இதுதான். கடையில் விற்கிற ஸ்டிக் பொதுவான ஓர் ஆளுக்காகச் செய்தது. அப்படி ஓர் ஆள் உலகத்தில் கிடையாது. ஒருவர் குனிந்து அடிப்பார், ஒருவர் நிமிர்ந்து அடிப்பார், ஒருவருக்குக் கை அவசரம். நயினார் ஸ்டிக்கின் அடியில் டேப் ஒட்டி, பலகைமேல் பந்தை வைத்து அடிக்கச் சொல்வார். டேப்பில் தேய்மானம் எங்கே விழுகிறது என்று பார்த்துத் தலைப்பகுதியை ஒரு டிகிரி, இரண்டு டிகிரி வளைப்பார். தண்டை நீட்டுவார், குறைப்பார், ஆளின் வேகத்துக்கு விறைப்பானதோ துவளுவதோ மாற்றிப் போடுவார். பிடிக்குள் டேப் சுற்றிக் கனம் கூட்டுவார். தலைக்குப் பின்னால் ஈயத் தகடு ஒட்டிக் கிராம் கணக்கில் எடை சேர்ப்பார். ஆட்டக்காரரைத் திருத்தவே மாட்டார். "அது அவரு உடம்பு போற போக்கு. அதைத் தொடக் கூடாது. ஸ்டிக்குதான் பணிஞ்சு போகணும்" என்பார். மைதானத்துக் கோச்சுகளுக்கு இவரைக் கண்டாலே ஆகாது. திருத்துவதற்கு ஆள் இல்லாமல் போனால் அவர்கள் பிழைப்பு என்னாவது?

அவர் செய்ததிலேயே உச்சம் நகுல் சாருக்குச் செய்த பதினான்கு ஸ்டிக் கொண்ட செட்.

நகுல் சார் மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த இன்சூரன்ஸ் அதிகாரி. ரிட்டயர் ஆவதற்கு இரண்டு வருஷம் முன்பு செம்பூரில் மைதானத்துக்குப் பக்கத்திலேயே வீடு வாங்கினார். அவருடைய வீச்சு மாதிரி ஒன்றை நயினார் அதற்கு முன் கண்டதில்லை. கை மேலே போகும். போன இடத்தில் ஒரு மூச்சு நேரம் அப்படியே நிற்கும். யாரோ பின்னால் கூப்பிடுவதைக் காது கொடுத்துக் கேட்பவர் போலத் தலை வலது பக்கம் லேசாகச் சாயும். "இருக்கட்டும்" என்று தனக்குள் சொல்லிக்கொள்வார். அதற்குப் பிறகுதான் கை இறங்கும்.

மேலே நின்றுவிட்டால் வீச்சின் விசை செத்துப்போகும், பந்து ஏறாது. நயினார் ஆறு மாதம் அதோடு மல்லுக்கட்டினார். நன்றாகத் துவளும் தண்டு போட்டார். அது அந்த ஒரு மூச்சுக்குக் காத்திருந்து, பிறகு சவுக்கு மாதிரி வந்தது. தலையின் குதிகால் பக்கம், அதாவது தண்டு வந்து சேரும் ஓரத்தில், ஈயம் ஒட்டினார். நகுல் சாரின் வலது கையில் கடைசி இரண்டு விரல் மடங்கினாற்போல் இருக்கும். அதற்காகப் பிடிக்குள் இரண்டு சுற்று அதிகம் சுற்றினார். கடைசியில் ஒரு நாள் பந்து நூல் பிடித்தாற்போலப் போனது. நகுல் சார் அவர் தோளைத் தட்டி, "என் உடம்புக்குள்ள புகுந்து பாத்துட்டீர்யா" என்றார். அன்று முழுக்க நயினார் தரையில் நடக்கவில்லை.

போன வருஷம் ஜனவரியில், காலை ஒன்பதேகால் மணிக்கு, புகைமூட்டத்தில் செம்பூர் கட்டடங்கள் பாதிக்குமேல் தெரியாத ஒரு நாளில், நகுல் சார் பதினோராம் குழிக்கு அடிக்க நின்றார். நயினாரும் பக்கத்தில் இருந்தார். கை மேலே போனது. தலை சாய்ந்தது. "இருக்கட்டும்" என்றார். கை இறங்கவில்லை. கோல்ஃபில் ஒருவர் வீசப்போகும்போது மற்றவர்கள் இருமக்கூட மாட்டார்கள். அந்த மரியாதையில் கூட ஆடிய மூன்று பேரும் அசையாமல் நின்றார்கள். நயினார் மனசுக்குள் எண்ணினார். ஒன்று, இரண்டு என்று ஒன்பது மூச்சு. ஒன்பதாவதில் நகுல் சார் தூக்கிய கையோடு, ஸ்டிக்கை விடாமல், அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தார். மாரடைப்பு என்றார்கள். எத்தனையாவது மூச்சில் உயிர் போனது என்பதை மட்டும் யாராலும் சொல்ல முடியவில்லை.

பதிமூன்றாம் நாள் காரியம் முடிந்ததும் அவருடைய மனைவி ஷ்யாமளா ஆளனுப்பினாள். "வீட்ல வெச்சுக்க முடியலை நயினார். மூலைல நிக்கறதைப் பாத்தா அவர் நிக்கற மாதிரியே இருக்கு. நீங்க பண்ணினது, நீங்களே எடுத்துண்டு போங்கோ" என்றாள்.

பை சுமப்பவர்களிடையே ஒரு வழக்கம் உண்டு. செத்தவருடைய ஸ்டிக்கை அப்படியே இன்னொருவர் கையில் கொடுப்பதில்லை. வளைந்த கத்தியால் பிடியைக் கீறி, ரப்பரை உரித்து, உள்ளே சுற்றிய டேப்பையும் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். கை கழற்றுவது என்று அதற்குப் பெயர். இந்தச் சந்தில் எத்தனையோ செட்டுக்கு நயினாரே கை கழற்றியிருக்கிறார். இந்தப் பையைத் திறந்தபோது கத்தியை எடுத்தார், பிடியைத் தடவிப் பார்த்தார், கத்தியைக் கீழே வைத்தார். ஆறு மாத வேலை. மனசு வரவில்லை.

"உரிக்கலியா நயினார் பாய்?" என்று பாட்சா கேட்டார்.

"எம் மவளுக்குத்தானே. வேத்தாளுக்கா குடுக்கேன்?"

மகள் ஸ்ரீதேவிக்கு இருபது வயது. மைதானத்தில் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள் திங்கட்கிழமை காலையில் ஆடிக்கொள்ளலாம் என்ற சலுகையில் பன்னிரண்டு வயதிலிருந்து ஆடுகிறாள். ஏழு கம்பெனியின் ஏழு ஓட்டை ஸ்டிக்கை வைத்துக்கொண்டே பரிசு வாங்கியவள். அடுத்த ஏப்ரலில் பூனாவில் ஒரு போட்டி. முதல் ஐந்து இடத்துக்குள் வந்தால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை தருவதாக ஒரு கம்பெனி சொல்லியிருந்தது. இந்த வீட்டில் மாதச் சம்பளம் என்ற ஒன்றை யாரும் கண்டதில்லை. அவளுக்கு நல்ல செட் வேண்டும். அவள் உயரமும் நகுல் சார் உயரமும் அங்குலம் பிசகாமல் ஒன்று. "அளவெடுத்துச் செஞ்ச மாதிரில்ல இருக்கு" என்று நயினார் கையில் கொடுத்துவிட்டார். ஊருக்கெல்லாம் டேப் ஒட்டிப் பார்க்கிற மனுஷன் சொந்த மகளுக்கு ஒரு துண்டு டேப் ஒட்டிப் பார்க்கவில்லை.

முதல் மூன்று மாதம் அவளுக்குப் பந்து எங்கெங்கோ போனது. மழை விட்டதும் நேராகப் போக ஆரம்பித்தது. தீபாவளிக்குள் அவளைவிடப் பெரிய ஆட்டக்காரிகளெல்லாம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒரு திங்கட்கிழமை நயினார் கடையைப் பூட்டிவிட்டுப் பார்க்கப் போனார். மகளின் கை மேலே போனது. போன இடத்தில் ஒரு மூச்சு நின்றது. பிறகு இறங்கியது. அவருக்குப் புல்லரித்தது. தன் வேலையை நினைத்து வந்த பெருமை என்றுதான் எடுத்துக்கொண்டார். அந்தத் தண்டு காத்திருக்கச் சொல்கிறது, கெட்டிக்காரப் பிள்ளை பிடித்துக்கொண்டாள் என்று பாட்சாவிடம் சொல்லிச் சிரித்தார்.

வீட்டில் முதலில் கவனித்தது விஜயராணி. "ஏங்க, கொடியில துணி போடும்போது இவ கை மேல போயி நின்னுருதே, பாத்தியளா? பரண்ல இருந்து டப்பா எடுக்கச் சொன்னா, கையைத் தூக்கிட்டு அப்படியே நிக்கா. கூப்பிட்டா காதுல விழல."

"ஏதாவது யோசனையா இருப்பா."

"யோசிக்கிறவ தலையை ஏன் சாய்க்கா?"

அன்றிலிருந்து அவரும் பார்த்தார், பார்த்ததெல்லாம் அதுவாகவே இருந்தது. பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடித்தவள் தாராவி டிப்போவில் இறங்காமல் மாஹிம் வரை போய்விட்டு வந்தாள். சாப்பிடும்போது வலது கையின் கடைசி இரண்டு விரலும் உள்ளே மடங்கியிருந்தன. வலிக்கிறதா என்று கேட்டால், "எது?" என்று விரலைப் பார்த்தாள். மைதானத்தில் ஒரு மூச்சு இரண்டாகி, பொங்கலுக்குள் மூன்றாகியிருந்தது. ஆட்டமோ நாளுக்கு நாள் மெருகேறியது. இதுதான் கொடுமை. தோற்றிருந்தால் என்றைக்கோ பிடுங்கிப் போட்டிருப்பார்.

ஒரு நாள் அவள் பின்னால் போய் நின்றார். கை மேலே நின்றது. தலை சாய்ந்தது.

"இருக்கட்டும்" என்றாள்.

நகுல் சார் அந்தச் சொல்லைச் சொல்வதை அவர் வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. ஸ்ரீதேவி நகுல் சாரைப் பார்த்ததும் இல்லை.

"ஏட்டி, இப்ப என்ன சொன்ன?"

"நான் எங்க பேசினேன்ப்பா?"

"மேல போயி எதுக்கு நிக்க?"

அவள் கொஞ்சம் வெட்கத்தோடு சிரித்தாள். "அங்க மஸ்த்தா, சுகமா இருக்குப்பா. சத்தமே இல்ல. ரோடு, ட்ரெய்ன், ஒண்ணும் கேக்காது. சில நேரம் கீழ வரவே வேணாம்னு தோணுது."

அடுத்த நாளே சயான் பக்கம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் நெஞ்சுக்கு எல்லாச் சோதனையும் செய்தார். குதிரை மாதிரி இருக்கிறாள் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். கோவண்டியில் மந்திரிக்கிற ஒருவரிடம் போய் விஜயராணி கயிறு வாங்கிக் கட்டினாள். வீசும்போது உறுத்துகிறது என்று அவள் அதைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டாள். பிப்ரவரியில் ஐந்து மூச்சு. நயினாருக்கு இப்போது எண்ணாமல் இருக்க முடியவில்லை. ஒன்பதுக்கு இன்னும் நாலு என்று கணக்குப் போட்டுக்கொண்டு சோறு இறங்காமல் கிடந்தார்.

மார்ச்சில் நயினார் ஷ்யாமளாவின் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"ஒண்ணு கேக்கணும்மா. தப்பா நினைக்கக் கூடாது. சாரு மேல கையைத் தூக்கி ஒரு மூச்சு நிப்பாரே, சின்ன வயசுலயே அப்படித்தான் அடிப்பாரா?"

அவள் காப்பியை அவர் பக்கம் நகர்த்தினாள். "இல்லை. முன்னெல்லாம் மடமடன்னு வீசுவார். கடைசி ரெண்டு வருஷமாத்தான். கையைத் தூக்கினா இடது பக்கம் பிடிச்சுக்கும்பார். அங்கேயே கொஞ்சம் நின்னா விட்டுடுமாம். 'இருக்கட்டும், இருக்கட்டும்'னு வலிகிட்ட சொல்லிப்பார். கீழே இறக்கறதுக்குள்ள போயிடும்."

"எங்கிட்ட சொல்லலியேம்மா."

"எங்கிட்டயே கடைசிலதான் சொன்னார். டாக்டர்கிட்ட போகலாம்னு நான் கெஞ்சினேன். ஆட்டமே கெட்டுப்போயிருந்தா போயிருப்பார். நீங்க அதை அவ்வளவு சுகமாப் பண்ணிக் குடுத்துட்டேளே நயினார். அப்பறம் அவருக்கு அது வலின்னே தோணலை."

அவள் குற்றமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே நன்றியோடுதான் சொன்னாள். அது நயினாரை இன்னும் அடித்தது. நகுல் சார் உடம்புக்குள் புகுந்து பார்த்ததாக ஆடினாரே, அங்கே பார்த்தது உடம்பு போகிற போக்கை இல்லை. ஒரு மனுஷன் சாவோடு பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்து, அதற்கு வாகாக ஈயம் ஒட்டி, டேப் சுற்றி, தண்டு மாற்றிக் கொடுத்திருக்கிறார். அதையே எடுத்துத் தன் பிள்ளை கையிலும் கொடுத்திருக்கிறார். காப்பியைத் தொடாமல் எழுந்தார்.

அங்கிருந்து நேரே மைதானம். வெயில் ஏறியிருந்தது. பயிற்சித் தரையில் ஸ்ரீதேவி தனியாக அடித்துக்கொண்டிருந்தாள். நயினார் பையிலிருந்து டேப்பை எடுத்து, ஒன்றும் சொல்லாமல், அவளுடைய ஏழாம் நம்பர் ஸ்டிக்கின் அடியில் ஒட்டினார். பலகையைப் போட்டார். "ஒண்ணே ஒண்ணு அடி." அவள் அடித்தாள். ஸ்டிக்கைத் திருப்பிப் பார்த்தார். நகுல் சாரின் கடைசி டேப்பை நினைவுக்காக உரித்து வைத்திருந்தவர், காலையிலேயே அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தார். இரண்டையும் பக்கத்தில் வைத்தார். ஒரே இடம், ஒரே சாய்வு, ஓரத்தில் பிறைநகம் அளவுக்கு விழுகிற அந்தத் தேய்மானம்கூட ஒன்று. ஐம்பத்தெட்டு வயது ஆணும் இருபது வயதுப் பெண்ணும் அப்படித் தேய்க்க முடியாது. முப்பது வருஷ வேலையில் இரண்டு பேர் டேப் ஒன்றாக இருந்து அவர் பார்த்ததே கிடையாது.

"ஸ்டிக்கைக் குடு. வீட்டுக்குப் போலாம்."

"இன்னும் ஒண்ணுப்பா" என்று அவள் வாங்கிக்கொண்டாள். கை மேலே போனது. தலை சாய்ந்தது. "இருக்கட்டும்."

ஒன்று. இரண்டு. மூன்று. கண் திறந்திருந்தது, எதையும் பார்க்கவில்லை. முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. நாலு. ஐந்து. பந்து பொறுக்கும் வண்டிக்காரர் மரியாதையாக வண்டியை நிறுத்திக்கொண்டார். ஆறு. நயினாரின் கால் தரையோடு ஒட்டிக்கொண்டது. அன்றைக்கும் இப்படித்தான் நின்றோம், எண்ணிக்கொண்டே நின்றோம் என்று தோன்றியபோது ஏழும் போய்விட்டது. எட்டாவதில் ஓடிப்போய் ஸ்டிக்கைப் பிடித்தார். அவள் விரல்கள் வரவில்லை. கம்பியில் முறுக்கியது போல இருந்தன. ஒவ்வொன்றாகப் பிரித்தார். கடைசி இரண்டையும் பிரித்தபோது அவள் "ஆ" என்று கத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது. "ஏன்ப்பா இழுத்த? அவரு என்னமோ சொல்லிட்டிருந்தாரு" என்றாள்.

எவர் என்று அவர் கேட்கவில்லை.

பட்டறைக்கு வந்ததும் வளைந்த கத்தியை எடுத்தார். பதினான்கு பிடியையும் கீறி உரித்தார். ரப்பருக்கு அடியில் டேப்பின் மேல் ஒரு கைப்பிடியின் பள்ளம் விரல் விரலாக இருந்தது. அதைச் சுரண்டினார். கேஸ் டார்ச்சின் தீயில் சூடுகாட்டித் தலைகளைக் கழற்றினார். தண்டுகளை வைஸ் இடுக்கியில் இறுக்கி இரண்டாக அறுத்தார். ஸ்ரீதேவி முதலில் அழுதாள், பிறகு கத்தினாள். "பாகல் ஆயிட்டியாப்பா, பைத்தியமா ஒனக்கு? பூனாவுக்குப் பன்னிரண்டு நாள்தான் இருக்கு! எதை வச்சு ஆடுவேன்?" அவள் கத்துவது அவருக்கு நிம்மதியாக இருந்தது. அது அவள் குரல்தான். பாட்சா வேலையை விட்டுவிட்டு, தொங்கிக்கொண்டிருந்த பெல்ட்களையெல்லாம் ஒரு பக்கமாக ஒதுக்கினார். பட்டறையின் முகப்பில் கொஞ்சம் இடம் கிடைத்தது.

"வேற செட்டு பண்ணித் தாரேன். பன்னிரண்டு நாள் போதும். ஒனக்குன்னு அளவெடுத்துப் பண்ணுதேன்" என்றார் நயினார். "இங்க வந்து நில்லு. கையில ஒண்ணும் வேணாம். சும்மா வீசு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். வெறும் கையைச் சேர்த்துப் பிடித்தாள். இடுப்புவரை தூக்கியவள் அங்கேயே நிறுத்தி, நிஜமாகவே தெரியாதவளாக, அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"யாரு மாதிரிப்பா?"

"ஒன்னை மாதிரிட்டி."

"அது எப்படி இருக்கும்? நீ சொல்லுப்பா. நீ பாத்திருப்பேல்ல?"

நயினார் வாயைத் திறந்தார். வொர்லி சேட்டு எப்படி வீசுவார் என்று சொல்லத் தெரியும். செத்தவர், ஊரைவிட்டுப் போனவர், நானூறு பேரின் வீச்சை இந்தச் சந்திலேயே நடித்துக் காட்டவும் தெரியும். எட்டு வருஷமாகத் திங்கட்கிழமை தவறாமல் ஆடிக்கொண்டிருந்த மகளின் வீச்சை, அந்த செட்டைக் கொடுப்பதற்கு முன்னால், அவர் ஒரு நாளும் போய்ப் பார்த்ததில்லை.